காலடியில் கிடக்கும் காடு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் ரசீன் என்றொரு ஊர். அங்கே சாமுவேல் கர்ட்டிஸ் ஜான்சன் என்ற விற்பனையாளர் 1886இல் ஒரு ஹார்டுவேர் கம்பெனியிடமிருந்து அதன் மரத்தரைப் பிரிவை விலைக்கு வாங்கினார். பல நிற மரத்துண்டுகளைக் கட்டம் கட்டமாக இணைத்துச் செய்யும் பார்க்கே தரைகள்தான் அவருடைய சரக்கு. ஆசையாக வாங்கிப் போட்டவர்கள் கொஞ்ச காலத்தில் அவரிடமே திரும்பி வந்து கேட்டார்கள்: போட்டபோது பளபளத்த தரை இப்போது மங்குகிறது, எதைத் தேய்ப்பது? ஜான்சன் மெழுகைக் குழைத்து டப்பாவில் அடைத்துக் கொடுக்கத் தொடங்கினார். 1898 வாக்கில் தரைப் பலகையைவிட மெழுகும் மற்றப் பூச்சுகளுமே அவருக்கு அதிக வருமானம் தந்தன. 1917இல் கம்பெனி தரை வியாபாரத்தையே கைவிட்டது. வீட்டைச் சுத்தம் செய்யும் பொருள்களை இன்று உலகெங்கும் விற்கும் எஸ்.சி. ஜான்சன் நிறுவனம் இப்படி வளர்ந்ததுதான்.

மரம் அவ்வளவு எளிதில் மங்குவதில்லை. அதன்மேல் பூசியதுதான் மங்குகிறது. நூறு வருட வீடொன்றின் தரை சாம்பல் பூத்துக் கிடக்கிறது என்றால், நான்கைந்து தலைமுறை அதன்மேல் தேய்த்த மெழுகும் அரக்கும் வார்னிஷும், அவற்றில் சிக்கிய தூசியும், காலணியின் கீறலுமே கண்ணுக்குத் தெரிகின்றன. பழைய தரையைத் திருத்த முனைகிறவர் முதலில் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டியிருப்பது அதனால்தான். எந்தக் காலத்தில் எதைப் பூசினார்கள் என்று தெரியாமல் தேய்க்கும் இயந்திரத்தை முடுக்கினால், திரும்பக் கிடைக்காத மரம் தூளாகி அதன் பைக்குள் போய்விடும்.

தமிழ் வீடுகளில் தரை என்றால் ஆத்தங்குடிக் கல், சிவப்பு ஆக்சைடு, மொசைக். தேக்கு பெரும்பாலும் தூணாகவும் உத்தரமாகவும் கதவாகவும் நின்றது. ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துப் பழைய பங்களாக்களை விட்டால் பலகைத் தரை நம் பழக்கத்தில் இல்லை. குளிர் நாடுகளில் கதை வேறு. கல் தரை அங்கே பாதத்தைச் சில்லிடவைக்கும். காடோ வீட்டு வாசலிலேயே இருந்தது.

அந்தப் பலகைகளின் மேல் தொடக்கத்தில் எதையுமே பூசவில்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் கட்டிய வீடுகளில், ஓரடி அகலமும் அதற்கு மேலும் கொண்ட பைன் பலகைகளை உத்தரத்தின் குறுக்கே போட்டு ஆணியடித்தார்கள். கால்படும் பக்கத்தை மட்டும் இழைப்புளியால் சீவினார்கள். கீழ்ப்பக்கத்தில் மரம் அறுத்த வாளின் தடம் அப்படியே நின்றுவிட்டது. இன்று பழைய வீட்டின் வயதைக் கணிக்கிறவர்கள் நிலவறைக்குள் இறங்கி, விளக்கைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேலுள்ள பலகையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். தடம் நேர்கோடாக இருந்தால் மேலும் கீழும் ஓடும் வாளால் அறுத்தது. வளைவாக இருந்தால் வட்ட வாள், அதாவது 19ஆம் நூற்றாண்டு.

பூச்சில்லாத பலகையை மணலால் தேய்த்தார்கள். சோப்பும் தண்ணீரும் அதிகமானால் மரம் கறுத்துவிடும் என்பதால், ஈர மணலோ உலர் மணலோ போட்டு, முழங்காலிட்டு, தூரிகையால் மர நெடுக்கிலேயே தேய்க்கும் வேலை பணிப்பெண்களுடையது. வருடக்கணக்கில் தேய்த்த தரை வெளிறி வெள்ளி நிறத்துக்கு வந்துவிடும். அதுவே நல்ல குடித்தனத்தின் அடையாளம். சில வீடுகளில் தேய்த்த பிறகும் வெண்மணலைத் தரையில் தூவி, துடைப்பத்தால் வளைவு வளைவாக வரைந்து வைப்பார்கள். வாசல் கோலத்தைப் போலவே அதுவும் காலடி பட்டு அழிவதற்காகவே போடப்பட்டது. பழைய பலகைத் தரை என்றதும் தேன் நிறப் பளபளப்பை நினைக்கிறோம். 18ஆம் நூற்றாண்டு வீட்டை அந்தக் காலத்துத் தோற்றத்துக்கே கொண்டுபோகிறேன் என்று சொல்லிக் கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடிக்கிறவர்கள், அந்த வீட்டில் ஒருபோதும் இருந்திராத ஒன்றைப் புதிதாகக் கொண்டுவருகிறார்கள்.

வசதியுள்ளவர்கள் வெற்றுப் பலகையை மறைக்கவே விரும்பினார்கள். கித்தான் துணியில் எண்ணெய்ச் சாயத்தைப் பல தடவை பூசிச் செய்த விரிப்பை ஜார்ஜ் வாஷிங்டன் 1796இல் வாங்கியிருக்கிறார். தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியாவில் தாமே வடிவமைத்துக் கட்டிய மான்டிசெல்லோ மாளிகையில் முன்கூடத்துத் தரைக்குப் புல்லின் பச்சையை அடிக்கச் செய்தார். அந்த நிறத்தைச் சொன்னவர் ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட். அடுத்திருந்த வரவேற்பறைக்கோ செர்ரி மரச் சதுரங்களுக்குப் பீச் மரத்தில் கரை கட்டிய பார்க்கே; அமெரிக்காவில் மிக முந்தியவற்றுள் ஒன்று. அந்த மாளிகையைக் கூட்டித் துடைத்தவர்கள் அவருடைய அடிமைகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஷேக்கர் என்னும் துறவுச் சமூகம் 1845இல் தொகுத்த தன் விதிமுறைகளில், குடியிருக்கும் வீட்டின் தரைக்கு நிறமேற்றினால் சிவப்பு கலந்த மஞ்சளாகவும், பட்டறைத் தரை மஞ்சள் கலந்த சிவப்பாகவும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. தரையின் நிறம் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது.

பளபளப்பு பிரான்சிலிருந்து வந்த மோகம். வெர்சாய் அரண்மனையின் பளிங்குத் தரைகளை அடிக்கடி கழுவ வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீர் கீழே கசிந்து, தரையைத் தாங்கிய மர உத்தரங்களை அரித்தது. 1684இல் பளிங்கை எடுத்துவிட்டு ஓக் சட்டங்களைப் பெரிய சதுரங்களாகப் பின்னி, மூலைவாட்டில் பதித்தார்கள். வெர்சாய் பார்க்கே என்று இன்றும் விற்பது அந்த வடிவம்தான். இதற்குத் தண்ணீர் ஆகாது. மெழுகிட்டுத் தேய்க்க வேண்டும். அதற்கென்றே ஃப்ரோத்தர் என்ற ஒரு தொழிலாளர் கூட்டம் உருவானது. பாதத்தில் தூரிகையைக் கட்டிக்கொண்டு, அறை முழுக்க முன்னும் பின்னும் வழுக்கி வழுக்கி மெழுகைத் தேய்ப்பார்கள். மேலிருந்து பார்த்தால் ஆட்டம்; செய்கிறவருக்கு நாள் முழுக்கத் தொடையும் இடுப்பும் வலிக்கும் வேலை.

தரை வேலை செய்யும் மனிதரை ஓர் ஓவியர் கண்ணெடுத்துப் பார்த்தது 1875இல். பாரிஸின் மிரோமெனில் தெருவில் வசித்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளை குஸ்தாவ் கய்போத் தன் ஓவியக்கூடத்துத் தரையைச் சீவ வந்த மூவரை வரைந்தார். சட்டையில்லாத முதுகுகள், நீட்டிய கைகள், மண்டியிட்ட கால்கள். சீவிய பட்டையும் சீவாத பட்டையும் மாறி மாறி ஓடும் தரை, சுருண்டு கிடக்கும் மரச் சீவல், ஓரத்தில் ஒரு ஒயின் பாட்டில். அந்த வருட அரசுக் கண்காட்சியின் நடுவர்கள் ஓவியத்தை நிராகரித்தார்கள். வயலில் குனிந்த உழவரை ஏற்றுக்கொண்ட கண்களுக்கு நகரத்துக் கூலியாளின் வெற்று முதுகு உறுத்தியிருக்கிறது. அடுத்த ஆண்டு இம்ப்ரெஷனிஸ்டுகளின் இரண்டாவது கண்காட்சியில் அது மாட்டப்பட்டபோது, எழுத்தாளர் எமில் ஜோலாவும் மெச்சவில்லை. உள்ளதை உள்ளபடி நகலெடுத்த துல்லியமே குறை என்று எழுதினார். இன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் கூட்டம் கூடும் ஓவியங்களில் அது ஒன்று.

தரை வேலை தெரிந்த ஒருவர் அந்த ஓவியத்தைப் பார்த்தால் வேறொன்றையும் கவனிப்பார். அவர்கள் பயன்படுத்துவது இழைப்புளியும் சுரண்டியும். இரும்புத் தகட்டின் விளிம்பு மரத்தை மெல்லிய நாடாவாக எடுக்கும். எவ்வளவு எடுக்கிறோம் என்பது மணிக்கட்டுக்குத் தெரியும். வேலை மெதுவாக நடந்தாலும் மரம் வீணாகவில்லை. பிற்காலத்து இயந்திரத்தின் குணம் இதற்கு நேர் எதிர்.

ஓக் தரை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது இயந்திரத்தால். பலகையின் ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் காடியும் வெட்டும் இயந்திரம் 1885இலும், முனைகளையும் அப்படியே வெட்டும் முறை 1898இலும் அமெரிக்காவில் வந்தன. நாக்கைக் காடிக்குள் செருகி, ஆணியைச் சாய்வாக நாக்கில் அறைந்துவிட்டால் அடுத்த பலகை அதை மூடிவிடும். மேலே ஓர் ஆணித்தலையும் தெரியாது. சுமார் 57 மில்லிமீட்டர் அகலம், 19 மில்லிமீட்டர் கனம் என்ற அளவு நிலைத்தது. மிசிசிப்பிக் கரையிலிருந்த மெம்பிஸ் நகரம் கடின மர வியாபாரத்தின் தலைநகரானது. தபால்வழி விற்பனை செய்த சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை வீட்டையே பகுதி பகுதியாக ரயிலில் ஏற்றி விற்றது; மொத்தம் 70,000க்கும் மேற்பட்ட வீடுகள் என்பது மதிப்பீடு. அந்தக் காலத்து வீடுகளின் தரையில் ஒரு படிநிலை உண்டு. விருந்தாளி உட்காரும் அறைக்கு ஓக், சமையலறைக்கு மேப்பிள், படுக்கையறை மாடிக்கு மலிவான பைன். வீட்டுக்காரர் எதைக் காட்ட விரும்பினார், எதை மறைக்க விரும்பினார் என்பதைத் தரையே சொல்லிவிடும்.

காலமும் கைகொடுத்தது. அதுவரை நடுத்தர வீடுகளில் சுவருக்குச் சுவர் ஆணியடித்த கம்பளம்தான் நாகரிகம். வருடத்துக்கு ஒருமுறை வசந்தத்தில் அதைப் பிடுங்கி வெளியே தொங்கவிட்டு அடிப்பார்கள். நோய்க்குக் கிருமியே காரணம் என்ற அறிவியல் 1880களில் பரவியதும், தூசி தங்கும் கம்பளம் சந்தேகத்துக்கு உள்ளானது. துடைத்தால் சுத்தமாகும் ஓக் தரை ஆரோக்கியத்தின் பேரில் விற்றது.

அந்தத் தரைகளுக்காக வெட்டுப்பட்ட காடுகளைச் சொல்லாமல் நகர முடியாது. வர்ஜீனியாவிலிருந்து டெக்சஸ் வரை சுமார் 9 கோடி ஏக்கரில் நீள ஊசியிலைப் பைன் காடு பரந்திருந்தது. மெதுவாக வளரும் மரம்; வளையங்கள் நெருக்கம்; வைரம் பாய்ந்த பகுதி பிசினேறிச் செம்பழுப்பாக, ஓக்குக்கு ஈடான உறுதியுடன் இருக்கும். 1920களுக்குள் அதில் பெரும்பகுதி அழிந்தது. இன்று மிஞ்சியிருப்பது சில சதவீதமே. மெழுகைக் கரைத்துக் குழைக்கப் பயன்பட்ட டர்பன்டைனும் தெற்கத்திய பைன் மரங்களின் பட்டையைக் கீறி வடித்த பாலிலிருந்து வந்ததுதான். அந்தக் காடுகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கைதிகளை அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்து டர்பன்டைன் முகாம்களில் வாட்டும் வழக்கம் ஃப்ளோரிடாவில் 1923 வரை சட்டப்படியே நடந்தது. இன்னொரு மரம் செஸ்ட்நட். 1904இல் நியூயார்க் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய், அரை நூற்றாண்டுக்குள் சுமார் 400 கோடி செஸ்ட்நட் மரங்களைச் சாய்த்தது. இந்த இரண்டு மரங்களிலும் இன்று நமக்குக் கிடைக்கும் முதிர்ந்த மரம் பெரும்பாலும் பழைய கட்டடங்களில் கிடப்பதுதான். அதைத் தூளாக்கும் முன் கை நடுங்கத்தான் வேண்டும்.

பூச்சுக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கத் தரைகளில் மிகுதியாகப் பூசியது ஷெல்லாக், அதாவது நம் அரக்கு. அது போனது இந்தியாவிலிருந்து. சோட்டாநாக்பூர் மேட்டு நிலத்தில் பலாசம், குசும், இலந்தை மரங்களின் இளங்கொம்புகளில் அரக்குப் பூச்சிகள் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சிப் பிசினைச் சுரக்கும். முண்டா, ஒராவோன் பழங்குடிக் குடும்பங்கள் கொம்பைத் தறித்து அரக்கைச் சுரண்டி எடுத்து விற்பார்கள். கழுவிய மணியரக்கை நீண்ட துணிப்பைக்குள் அடைத்து, நெருப்பின் முன் பிடித்துப் பையை முறுக்குவார்கள். உருகிக் கசிவதைத் தகடாக்கி, சூடு ஆறுவதற்குள் ஒரு தொழிலாளி கைகளாலும் கால்விரல்களாலும் பல்லாலும் கடித்து இழுத்து, காகிதம்போல் மெலிதாக்குவார். அதை உடைத்த செதில்கள்தான் கல்கத்தா வழியாகக் கப்பலேறின. நியூயார்க்கில் வில்லியம் ஜின்சர் என்ற ஜெர்மானியக் குடியேறி 1849இல் தொடங்கிய நிறுவனம் அதை வெளுத்துக் கரைத்து விற்றது. ஸ்பிரிட்டில் கரைத்து அடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் காயும். ஒரே நாளில் இரண்டு மூன்று பூச்சு முடித்துவிடலாம். தச்சர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் 1924இல் எழுந்ததும் இந்த உலகச் சந்தையை நம்பித்தான்.

அதே அரக்கு இன்னொரு வழியாகத் தமிழ் வீடுகளுக்குள்ளும் வந்தது. கே.பி. சுந்தராம்பாள் பாடிய 78 சுழற்சி இசைத்தட்டுகளின் கறுப்பு உடம்பைப் பிணைத்திருந்தது அரக்குதான். பாஸ்டனில் ஒருவர் காலடியிலும் மதுரையில் ஒருவர் கிராமபோன் ஊசிக்கடியிலும் ஒரே காட்டுப் பிசின் தேய்ந்துகொண்டிருந்தது.

அரக்கின் பலவீனம் தண்ணீர். ஈரக் குவளையை வைத்தால் வெள்ளை வளையம் விழும். மது சிந்தினால் கரையும். ஆகவே அரக்குக்கு மேல் மெழுகு. தேன்மெழுகு மிருதுவானது, நடந்தால் தடம் பதியும். பிரேசிலின் கர்னாபா பனை இலைகளிலிருந்து உதிர்த்தெடுக்கும் மெழுகு கல்லாட்டம் கடினம். தேய்க்கத் தேய்க்க மின்னும். ரசீன் கம்பெனிக்கு அது உயிர்மூச்சு. நிறுவனரின் பேரன் எச்.எஃப். ஜான்சன் 1935இல் ஒரு சிகோர்ஸ்கி நீர்-நில விமானத்துக்கு கர்னாபா என்றே பெயரிட்டு, வடகிழக்குப் பிரேசிலின் ஃபோர்டலேசா வரை பறந்துபோய் அந்தப் பனைகள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று பார்த்துவந்தார்.

இரண்டாம் உலகப் போர் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. 1942இல் அமெரிக்க அரசு அரக்கைப் போர்த் தேவைக்கென ஒதுக்கி, மற்ற உபயோகங்களைக் கட்டுப்படுத்தியது. ஜெர்மனியின் லெவர்கூசனில் ஓட்டோ பேயர் 1937இல் கண்ட பாலியூரித்தேன் வேதியியல், போருக்குப் பின் வார்னிஷ் டப்பாவுக்குள் புகுந்தது. தண்ணீருக்கும் மதுவுக்கும் அசையாத பூச்சு. மெழுகிட வேண்டாம், முழங்காலிட வேண்டாம். அதற்கு விலையாக ஒன்றைக் கொடுத்தார்கள். அரக்குப் பூச்சு தேய்ந்த இடத்தில் புதிய அரக்கை அடித்தால் பழையதைக் கொஞ்சம் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். பாலியூரித்தேன் அப்படிச் சேராது. பழைய பூச்சைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் புதியது பிடிக்கும். அடியில் மெழுகு இருந்தால் பிடிக்கவே பிடிக்காது, சில மாதங்களில் உரியும்.

ஆனால் புதிய பூச்சின் பொற்காலம் வருவதற்குள் தரையே கண்ணிலிருந்து மறைந்தது. ஜார்ஜியா மாநிலத்து டால்டன் பகுதியில் கேத்தரின் எவான்ஸ் என்ற இளம்பெண் பருத்தி நூலைக் குஞ்சம் குஞ்சமாகக் குத்தித் தைத்த படுக்கை விரிப்பொன்றை 1900இல் இரண்டரை டாலருக்கு விற்றார். அந்தக் குஞ்சத் தையல் பின்னால் இயந்திரமானது. இயந்திரம் கம்பளம் தைத்தது. 1950களின் இறுதியில் நைலான் நூல் சேர்ந்தது. நெய்த கம்பளத்தைவிட எவ்வளவோ மலிவு. 1960களில் வீட்டுக் கடனுக்குள்ளேயே கம்பளத்தின் விலையையும் சேர்க்க அரசின் காப்பீட்டு அமைப்பு இசைந்ததும், வீடு கட்டுகிறவர்கள் ஓக்கை விட்டுவிட்டு ஒட்டுப்பலகைமேல் கம்பளத்தை விரித்தார்கள். பழைய வீடுகளிலும் அதே மோகம்தான். ஓக் தரையின் விளிம்பெங்கும் ஆணிப்பட்டையை அறைந்து, தந்தத்தின் நிறத்திலும் பாசிப் பச்சையிலும் கம்பளம் போட்டார்கள். சமையலறையில் லினோலியம், அதன்மேல் வினைல், அதன்மேல் இன்னொரு வினைல்.

இந்த மூடல் ஒரு வகையில் நல்லதாகவே முடிந்தது. கம்பளத்துக்கு அடியில் தரை முப்பது வருடம் உறங்கியது. வெயில் படவில்லை, கீறல் விழவில்லை.

அந்த உறக்கத்தைக் கலைத்தது பழைய கட்டடங்களின் மேல் எழுந்த புதிய அக்கறை. நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963 முதல் இடித்தபோது எழுந்த கோபம், 1966இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்குக் காரணங்களில் ஒன்றானது. அதே ஆண்டுகளில் புரூக்ளினின் பார்க் ஸ்லோப் பகுதியில், வாடகை அறைகளாகத் துண்டாடப்பட்டுக் கிடந்த பழுப்புக் கல் வீடுகளை இளம் குடும்பங்கள் மலிவாக வாங்கித் தாமே செப்பனிட்டன. அவர்களில் ஒருவரான கிளெம் லபின் 1973இல் பழைய வீடுகளுக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். பாஸ்டன் பொதுத் தொலைக்காட்சியில் 1979இல் வந்த ‘திஸ் ஓல்டு ஹவுஸ்’ தொடர், டார்செஸ்டர் பகுதியின் பழைய வீடொன்றைப் பார்வையாளர் கண்முன்னே செப்பனிட்டது. கம்பளத்தின் மூலையைத் தூக்கி அடியில் ஓக் இருக்கிறதா என்று பார்ப்பது அந்தத் தலைமுறையின் பழக்கமாயிற்று.

அந்த ஆர்வத்தில் நடந்த சேதமும் பெரிது. உருளையில் உப்புத்தாளைச் சுற்றிச் சுழலும் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பழக்கமில்லாதவர்கள் தரைமேல் ஓட்டினார்கள். ஒரு கணம் நின்றால் போதும், இயந்திரம் அந்த இடத்தில் குழி பறித்துவிடும். 19 மில்லிமீட்டர் பலகையில் நாக்குக்கு மேலிருப்பது சுமார் 6 மில்லிமீட்டர்தான். ஒழுங்காகச் செய்தாலே ஒவ்வொரு முழுத் தேய்ப்பும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைய எடுத்துவிடும். புரூக்ளின் வீடுகள் பலவற்றில் இருப்பதோ வெறும் 8 மில்லிமீட்டர் பட்டைகள், மேலிருந்தே ஆணியடித்தவை. அவற்றில் இரண்டு முறை இயந்திரம் ஓடினால் ஆணித்தலைகள் வெளியே நிற்கும்.

இன்று வேலை தெரிந்தவர்கள் இயந்திரத்தைக் கடைசியில்தான் தொடுகிறார்கள். முதலில் அலமாரி அறையின் மூலையில், யாரும் பார்க்காத இடத்தில் சோதனை. ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டதும் பூச்சு குழைந்து ஒட்டினால் அது அரக்கு. கனிம டர்பன்டைனில் நனைத்த வெள்ளைத் துணி மஞ்சள் கறையோடு வந்தால் மேலே மெழுகு. இரண்டுக்கும் அசையாவிட்டால் பிற்கால வார்னிஷோ பாலியூரித்தேனோ. மெழுகுத் தரை என்றால் பெரும்பாலும் பழைய மெழுகைக் கரைத்துத் துடைத்து எடுத்து, புதிதாக மெழுகிட்டாலே போதும், மங்கல் போய்விடும். அரக்கென்றால் ஸ்பிரிட் தோய்த்த துணியால் மெல்லத் துடைத்துக் கீறல்களைக் கரைத்துச் சமப்படுத்தி, ஒரு புதிய பூச்சு. இந்த வேலைகளில் மரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைவதில்லை.

ஓக்கில் பூந்தொட்டிக்கு அடியிலும், நாய் சிறுநீர் கழித்த இடத்திலும் கறுத்த வட்டங்கள் இருக்கும். தொட்டியின் அடிக்கறை, மரத்திலுள்ள டானினும் இரும்பும் ஈரமும் கூடி உண்டாவது. ஆக்சாலிக் அமிலக் கரைசலில் பெரும்பாலும் வெளுக்கும். சிறுநீர்க் கறை ஆழமாக இறங்கியிருந்தால் எதற்கும் மசியாது. சாயமடித்த தரையில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு ஈயம் கலந்த பெயின்ட்டை அமெரிக்கா தடைசெய்தது 1978இல்தான்; அதற்கு முந்திய சாயத்தை உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பறந்து குழந்தைகளின் இரத்தத்தில் சேரும். பழைய வினைல் சதுரங்களிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தலைக் குவித்து வைத்தால் அது காயும்போது எழும் சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். பிலடெல்பியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தில் மரப்பலகைச் சுவருக்கு மெருகேற்றிய தொழிலாளர்கள் 22ஆம் மாடியில் விட்டுச்சென்ற கந்தல் 1991 பிப்ரவரி 23 அன்று தீப்பிடித்தது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 18 மணி நேரத்துக்கு மேல் எரிந்த தீ, 30ஆம் மாடியில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்களால்தான் நின்றது.

மீட்க முடியாத பலகையை மாற்றும்போது ஒரு சிக்கல் வரும். கடையில் வாங்கிய புதிய ஓக் எவ்வளவு நல்ல மரமானாலும் பழையதன் நடுவே தனித்துத் தெரியும்; வளைய நெருக்கம் வேறு, வெளிச்சத்தில் பழுத்த நிறம் வேறு. அனுபவமுள்ள தச்சர் அதே வீட்டின் அலமாரி அறைக்குள் போய்த் தரையைப் பார்ப்பார். அதே ஆலையில், அதே வருடம், ஒருவேளை அதே மரத்திலிருந்து அறுத்த பலகைகள் அங்கே கிடக்கும். அவற்றை நாக்கு உடையாமல் நெம்பி எடுத்து, கூடத்தில் கெட்டுப்போன இடத்தில் செருகி ஆணியடிப்பார். கடையில் வாங்கிய புது மரம் அலமாரி அறைக்குள் போகும்.